ஹாம் ரேடியோவில் செய்தி கடத்துவது: கொடைக்கானல் மலையில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

எங்கள் வீட்டுக் கூரை விளிம்பிலிருந்து எதிரே இருக்கும் தைல மரம் வரைக்கும் ஒரு செம்புக் கம்பி கட்டியிருக்கிறேன். துணி காயப்போடவா என்று கேட்டவர்கள் உண்டு. கேபிள் டிவியா என்று கேட்டவர்கள் அதைவிட அதிகம். அது ஆன்டெனா, நான் ஹாம் ரேடியோ வைத்திருக்கிறேன் என்று சொன்னதும் அடுத்தடுத்து வரும் கேள்விகள் ஏறக்குறைய ஒன்றாகவே இருக்கும். ஐப்பசி பிறந்து, மலைச்சாலையில் மரம் விழுந்தது என்று முதல் சேதி வந்துவிட்டால் கேள்விகள் இன்னும் கூடும். டீக்கடையில் நின்றபடி நூறு தடவை சொன்ன பதில்களை ஒருமுறை எழுதியே வைத்துவிடலாம் என்றுதான் இது.

ஹாம் ரேடியோ என்றால் போலீஸ் வைத்திருக்கும் வாக்கி டாக்கி மாதிரியா?

கையில் பிடித்திருப்பதைப் பார்த்தால் அப்படித்தான் தெரியும். ஆனால் இது பொழுதுபோக்குக்காகவும் கற்றுக்கொள்வதற்காகவும் தனிமனிதருக்கு அரசு உரிமம் கொடுத்து நடத்த விடுகிற வானொலி நிலையம். தேர்வு எழுதித்தான் உரிமம் வாங்க வேண்டும். அப்படி வாங்கியவரையும் ஹாம் என்றே சொல்வோம். ஒவ்வொருவருக்கும் ஓர் அழைப்புக் குறி உண்டு. இந்தியாவில் அது பெரும்பாலும் வி.யு.2 அல்லது வி.யு.3 என்று தொடங்கும். காசு வாங்கக் கூடாது, வியாபாரம் பேசக் கூடாது, பாட்டு ஒலிபரப்பக் கூடாது.

செய்தி கடத்துவது என்று தனியாக ஒன்று எதற்கு? போனில் பேசுகிற மாதிரி பேசிவிட வேண்டியதுதானே?

எல்லோரும் கேட்பது இதைத்தான். நானும் ஆரம்பத்தில் இப்படித்தான் நினைத்தேன்.

நீங்களும் நானும் நேரடியாகப் பேசினால் பேச்சு போதும். நான் தப்பாகக் கேட்டால் நீங்கள் திருத்துவீர்கள். செய்தி என்பது வேறு. பூம்பாறையில் ஒருவர் சொல்கிறார், அதை நான் கேட்டு வத்தலக்குண்டில் ஒருவருக்குச் சொல்கிறேன், அவர் திண்டுக்கல்லில் இன்னொருவருக்கு. கடைசியில் காகிதத்தைக் கையில் வாங்குகிறவர், முதலில் சொன்னவரைப் பார்த்ததே இல்லை. நடுவில் நிற்கிற எங்களில் யாராவது ஒருவர் 'இதைத்தான் சொல்ல வந்திருப்பார்' என்று நினைத்து ஒரு சொல்லை மாற்றினால் போதும், சங்கிலி அறுந்தது. சின்ன வயதில் காதோடு காதாக ஒரு வாக்கியம் சொல்லி, வரிசையின் கடைசிப் பையன் அதை உரக்கச் சொல்ல, எல்லோரும் விழுந்து சிரிப்போமே, அதேதான். இங்கே சிரிக்க முடியாது.

ஆகவே முறை இப்படி: எழுது, சொற்களை எண்ணு, அப்படியே படி, எதிர்முனை எழுதி எண்ணிச் சரிபார்க்கட்டும். எழுத்துப்பிழை இருந்தால் பிழையோடு அனுப்பு. கடத்துகிறவருக்குத் திருத்தும் உரிமை கிடையாது. தந்தி ஆபீஸ் நடந்த விதம் ஞாபகம் இருக்கிறவர்களுக்கு இது சட்டென்று புரியும். நம் நாட்டில் தந்தி 2013 ஜூலையோடு நின்றுபோனது. அந்த ஒழுங்கில் கொஞ்சம் எங்களிடம் மிச்சம் இருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். இந்த வேலையில் பென்சிலுக்குத்தான் முதலிடம், ரேடியோவுக்கு இரண்டாவது இடம். புதிதாக வருகிறவர்கள் இதை நம்புவதே இல்லை.

இந்த முறை எங்கே தொடங்கியது?

அமெரிக்காவில். 1914-ல் கனெக்டிகட் மாநிலத்தின் ஹார்ட்ஃபோர்டில் இருந்த ஹைரம் பெர்சி மேக்சிம், ஸ்பிரிங்ஃபீல்டில் இருந்த ஒருவருக்கு ரேடியோவில் சேதி அனுப்பப் பார்த்தார். தூரம் சுமார் 50 கிலோமீட்டர்தான். அன்றைய கருவியால் எட்டவில்லை. நடுவில் வின்ட்சர் லாக்ஸ் என்ற ஊரில் இருந்த இன்னொரு ஹாம் அதை வாங்கிக் கடத்திக் கொடுத்தார். இதையே ஊர் ஊராக ஒழுங்காகச் செய்தால் என்ன என்று மேக்சிமுக்குத் தோன்றியது. அப்படிப் பிறந்ததுதான் அமெரிக்கன் ரேடியோ ரிலே லீக். பெயரிலேயே ரிலே இருக்கிறது, பாருங்கள்.

1949-ல் அந்த லீக் 'நேஷனல் டிராஃபிக் சிஸ்டம்' என்ற ஏற்பாட்டைத் தொடங்கியது. அங்கே செய்திக்கு டிராஃபிக் என்று பெயர். நம் ஊரில் டிராஃபிக் என்றால் ஏரிச்சாலையில் மே மாதம் நிற்கிற கார்கள்தான் ஞாபகத்துக்கு வரும். ஆனால் ஹாம்களிடம் 'டிராஃபிக் இருக்கா?' என்றால் 'கொடுக்க வேண்டிய செய்தி இருக்கிறதா?' என்று பொருள். புள்ளியும் கோடுமாகத் தட்டும் மோர்ஸ் முறையில் அதற்கு க்யூ.டி.சி. என்ற மூன்றெழுத்து.

நெட், நெட் என்கிறீர்களே, இன்டர்நெட்டா?

இல்லை. குறித்த நேரத்தில், குறித்த அலைவரிசையில் ஹாம்கள் கூடுவதுதான் நெட். அதை நடத்துகிறவர் நெட் கன்ட்ரோல். அவர் கூப்பிட்டால் ஒழிய யாரும் வாய் திறக்கக் கூடாது. பஞ்சாயத்துக் கூட்டத்தைவிடக் கறாரான கூட்டம்.

எங்கள் பயிற்சி நெட் ஒன்றில் காதில் விழுவது இப்படி இருக்கும். நிஜத்தில் அழைப்புக் குறியைச் சொல்லித்தான் கூப்பிடுவோம். இங்கே ஊர்ப் பெயராக மாற்றியிருக்கிறேன்.

"பண்ணைக்காடு, டிராஃபிக் உண்டா?"

"கொடைக்கு ஒன்று, வத்தலக்குண்டுக்கு ஒன்று."

"வத்தலக்குண்டு, இருக்கிறீர்களா?"

"இருக்கிறேன் சார்."

"இரண்டு பேரும் ஐந்து கிலோஹெர்ட்ஸ் மேலே போங்கள். முடித்துவிட்டுத் திரும்பி வந்து சொல்லுங்கள். அடுத்தது, தாண்டிக்குடி…"

அவ்வளவுதான். இரண்டு பேர் ஒதுங்கிப் போய்ச் செய்தியைக் கைமாற்றும்போது மற்றவர்களின் வேலை தடைபடாது. திரும்பி வந்ததும் கன்ட்ரோல் தன் தாளில் ஒரு கோடு அடிப்பார். நல்ல நெட் கன்ட்ரோலிடம் குரல் வளத்தை எதிர்பார்க்காதீர்கள். பொறுமையும், யார் எங்கே இருக்கிறார்கள் என்று கோடு போட்ட ஒரு தாளும் இருந்தால் போதும். சாப்பிட்டீர்களா, அங்கே மழையா என்று விசாரிக்கத் தொடங்குகிறவர் கையில் கன்ட்ரோலைக் கொடுத்தால் நெட் நாசம். நான் இருமுறை அப்படி நாசம் செய்திருக்கிறேன்.

ஒரு நெட்டிலிருந்து தொலைதூர ஊருக்குச் செய்தி எப்படிப் போகும்?

தபால்துறையை நினைத்துக்கொள்ளுங்கள். கிளை அஞ்சலகப் பெட்டியில் போட்ட கடிதம் தலைமை அஞ்சலகம் போய், ஆர்.எம்.எஸ். என்ற ரயில் தபால் பிரிவில் பிரிபட்டு, ரயிலேறி, மறுபடி தலைமை, கிளை என்று இறங்கும். அமெரிக்க ஏற்பாடும் அதே ஏணிதான். அடியில் உள்ளூர் அல்லது மாநில அளவிலான நெட், அதற்கு மேல் பல மாநிலங்கள் சேர்ந்த வட்டார நெட், அதற்கும் மேல் கிழக்கு, மத்திய, பசிபிக் என்று மூன்று பெரும் பகுதி நெட்டுகள். ஒரு பகுதியிலிருந்து இன்னொரு பகுதிக்குக் கடத்தவே தனியாகச் சிலர் இருப்பார்கள்.

இதில் யாரும் கவனிக்காத ஆள், இணைப்பாளர். உள்ளூர் நெட்டில் அன்றைக்குச் சேர்ந்த வெளியூர்ச் செய்திகளை எல்லாம் வாங்கிக்கொண்டு வட்டார நெட்டுக்குப் போவார். அங்கே அவற்றைக் கொடுத்துவிட்டு, தன் ஊருக்கு வந்தவற்றை வாங்கிக்கொண்டு கீழே இறங்குவார். மாலையில் ஏறுவது, இரவில் இறங்குவது. மலையில் இருக்கிறவனுக்கு இது பால் வண்டிக்காரர் கணக்காகத் தெரிகிறது: வெறுங்கையோடு ஒரு நடைகூடப் போவதில்லை. இப்போது அங்கேயும் பல செய்திகள் கணினி வழி டிஜிட்டல் முறையில் போகின்றன. குரலிலும் மோர்ஸிலும் கடத்துகிறவர்களும் விடாமல் இருக்கிறார்கள்.

அங்கே தினமும் என்னதான் அனுப்புவார்கள்?

பெரும்பாலும் பிறந்தநாள் வாழ்த்து. உண்மைதான். தினமும் நெட் ஓட வேண்டுமென்றால் தினமும் ஏதாவது செய்தி வேண்டுமே. அடிக்கடி அனுப்பும் வாசகங்களுக்கு எண் போட்டு வைத்திருக்கிறார்கள். ஏ.ஆர்.எல். நாற்பத்தாறு என்றால் பிறந்தநாள் வாழ்த்து. எதிர்முனையில் அது முழு வாக்கியமாக விரிந்துகொள்ளும். ஏ.ஆர்.எல். ஒன்று என்றால் 'இங்கே எல்லோரும் நலம், கவலைப்பட வேண்டாம்'. நம் தந்தி ஆபீஸிலும் வாழ்த்துத் தந்திக்கு இப்படி எண் வரிசை இருந்தது. கல்யாண வீட்டுக்கு எண்ணைச் சொல்லிக் காசு கட்டிவிட்டு வருவோம்.

இந்தியாவில் இப்படி தினசரி டிராஃபிக் ஏற்பாடு இருக்கிறதா?

இல்லை. காரணம் சட்டம். மூன்றாமவரின் செய்தியை, அதாவது ஹாம் அல்லாத ஒருவர் இன்னொருவருக்குச் சொல்வதை, சாதாரண நாளில் கடத்த நமக்கு அனுமதி கிடையாது. உங்கள் மாமாவின் பிறந்தநாளுக்கு என் மூலம் வாழ்த்து அனுப்ப முடியாது. நம் ஹாம்களுக்கான விதிகள் 1978-ல் வந்தவை. புயல், வெள்ளம், நிலநடுக்கம் போன்ற பேரிடரில் வழக்கமான தொலைத்தொடர்பு விழுந்துவிட்டால், மாவட்ட ஆட்சியர் அல்லது அவர் அதிகாரம் கொடுத்த அலுவலர் தொடர்பான செய்திகளைக் கடத்த அவை இடம் தருகின்றன. நாடு விட்டு நாடு போகும் செய்திக்கும் சர்வதேச விதி இதே மாதிரிதான்: மூன்றாமவருக்காக என்றால் அவசர நிலையிலும் பேரிடர் நிவாரணத்திலும் மட்டும்.

இது எரிச்சலான ஏற்பாடு என்று சில நண்பர்கள் சொல்வார்கள். தினமும் ஓட்டாத வண்டி அவசரத்துக்கு எப்படிக் கிளம்பும் என்பது அவர்கள் வாதம். எனக்கும் அதில் பாதி உடன்பாடுதான். ஆனால் சட்டம் மாறும்வரை கையைக் கட்டிக்கொண்டு உட்கார வேண்டியதில்லை. ஹாமும் ஹாமும் தங்களுக்குள் பயிற்சிச் செய்தி பரிமாறிக்கொள்ளத் தடை இல்லை. காலையில் 7 மெகாஹெர்ட்ஸில் தமிழ்க் குரல்கள் கேட்கிற நேரத்தில் பத்து நிமிடம் அதற்கு ஒதுக்கினால் போதும்.

இதனால் உண்மையில் யாருக்காவது உபயோகம் ஆகியிருக்கிறதா?

ஆகியிருக்கிறது. 1999 ஒடிசா பெரும்புயல், 2001 பூஜ் நிலநடுக்கம் இரண்டிலும் ஹாம்கள் போய் வேலை செய்திருக்கிறார்கள். 2015 சென்னை வெள்ளத்திலும் 2018 கேரள வெள்ளத்திலும் அப்படியே. ஆனால் எங்கள் வட்டாரத்தில் எல்லோரும் சொல்கிற கதை அந்தமானுடையது. 2004 டிசம்பர் தொடக்கத்திலிருந்து பாரதி பிரசாத் என்பவர் ஒரு குழுவோடு போர்ட் பிளேரில் நிலையம் அமைத்து, உலக ஹாம்களோடு பேசிக்கொண்டிருந்தார். அந்தமானிலிருந்து ஹாம் ஒலிபரப்பு அபூர்வம் என்பதால் அந்த வி.யு.4 குறியைப் பிடிக்க உலகமே அலைமோதிய நேரம். 26-ந் தேதி காலை சுனாமி. பொழுதுபோக்குக்காக விரித்த ஆன்டெனா அப்படியே அவசர நிலையமாக மாறியது. யார் பிழைத்தார்கள், யாரைக் காணவில்லை என்ற பெயர்கள் தீவுக்கும் நிலப்பகுதிக்கும் இடையே அதன் வழியாகப் போய் வந்தன.

நம் மலைக்கு வந்தால் 2018 நவம்பர் 16 கஜா. வேதாரண்யம் பக்கம் கரை ஏறிய புயல் உள்ளே நுழைந்து இங்கேயும் மரங்களைச் சாய்த்தது, மலைச்சாலைகள் அடைபட்டன. அன்று நான் என்ன செய்தேன் என்பதைக் கீழே பேட்டரி கேள்வியில் சொல்கிறேன். பெருமைப்பட ஒன்றும் இல்லை.

ஒரு செய்தியைக் காட்டுங்களேன்.

இது போன மழைக்கு முன் நாங்கள் செய்த பயிற்சியில் பூம்பாறையிலிருந்து வந்தது.

எண் 14. வகை: பயிற்சி, முன்னுரிமை. சொற்கள் 16. இடம் பூம்பாறை. நேரம் 16.40.
பெறுநர்: வருவாய்க் கோட்டாட்சியர், கொடைக்கானல்.
"பயிற்சி மன்னவனூர் சாலையில் மரம் விழுந்து போக்குவரத்து இல்லை புள்ளி பள்ளிக்கூடத்தில் 41 பேர் புள்ளி பால்மாவு மெழுகுவர்த்தி தேவை பயிற்சி"
கையொப்பம்: அனுப்பியவர் பெயர், பதவி.

ஒவ்வொன்றுக்கும் காரணம் உண்டு. எண் இல்லாவிட்டால் 'அந்த மரம் விழுந்த செய்தி' என்று தேட வேண்டிவரும். அன்றைக்கு எல்லாச் செய்தியிலும் மரம்தான் விழுந்திருக்கும். நேரம், செய்தி எழுதப்பட்ட நேரம். நான் அனுப்பிய நேரம் அதில் வராது. நாலு மணிக்கு எழுதியதை எட்டு மணிக்கு வாங்குகிறவர், நாலு மணி நேரம் பழைய நிலவரம் இது என்று தெரிந்துகொள்ள வேண்டும். முன்னும் பின்னும் 'பயிற்சி' என்ற சொல் இல்லாமல் பயிற்சிச் செய்தி எழுதவே கூடாது. நடுவில் டியூன் செய்து கேட்கிறவர் நிஜம் என்று நம்பிக் கிளம்பிவிடுவார். வாக்கியம் முடிந்த இடத்தில் அமெரிக்கர்கள் எக்ஸ்ரே என்பார்கள், நாங்கள் புள்ளி என்கிறோம். அதையும் ஒரு சொல்லாக எண்ண வேண்டும்.

அப்புறம் அந்தப் 16. இதுதான் பூட்டு. எதிர்முனை எழுதி எண்ணினால் அதே எண் வர வேண்டும். அன்று எனக்கு 17 வந்தது. "எனக்குப் பதினேழு, ஒன்று கூடுதல்" என்றேன். பூம்பாறைத் தம்பி ஒவ்வொரு சொல்லாகத் திருப்பிப் படித்தான். நான் 'பால் மாவு' என்று பிரித்து எழுதியிருந்தேன், அவன் சேர்த்து எழுதியிருந்தான். தமிழில் சொற்கள் ஒட்டுவதும் பிரிவதும் எழுதுகிறவர் கைப்பழக்கம். ஆங்கிலத்துக்குச் செய்த பூட்டு நமக்கு அடிக்கடி இப்படிச் சிக்கிக்கொள்ளும். ஆனாலும் அதை விட்டுவிடக் கூடாது. 'பால்மாவு, ஒரே சொல்' என்று அனுப்பும்போதே சொல்லிவிட்டால் தீர்ந்தது.

தமிழில் வேறு என்ன சிக்கல்?

எண்கள். இரைச்சலில் 'ஆறு'ம் 'நூறு'ம் ஒன்றே. ஒரு பயிற்சியில் ஆறு போர்வை என்று கிளம்பியது நூறு போர்வையாக இறங்கியது. நல்ல வேளை, எல்லாம் காகிதப் போர்வை. 'எழுபது'ம் 'எண்பது'ம் அண்ணன் தம்பி. 'ஆறு' என்றால் எண்ணா, ஓடுகிற ஆறா என்ற குழப்பம் வேறு. 'ஆறு தாண்ட முடியவில்லை' என்றால் என்ன செய்வது? எங்கள் பழக்கம்: எந்த எண்ணையும் 'எண்ணில்' என்று சொல்லிவிட்டு, இலக்கம் இலக்கமாகச் சொல்வது. நாற்பத்தொன்று என்று சொல்ல மாட்டோம். 'எண்ணில் நாலு, ஒன்று'. நூறு என்றால் 'எண்ணில் ஒன்று, சுழி, சுழி'.

பெயர்கள் அடுத்த சிக்கல். ல, ள, ழ மூன்றையும் ரேடியோ ஒன்றாக்கிவிடும்; பள்ளங்கியைப் பல்லங்கி என்று எழுதி வைத்தவர் உண்டு. ஆங்கில எழுத்தென்றால் ஆல்ஃபா, பிராவோ, சார்லி என்று உலகப் பொது வழக்கு இருக்கிறது. தமிழ் எழுத்துக்கு அப்படி எல்லோரும் ஏற்றுக்கொண்டது ஒன்று இல்லாததால், ஒன்றாம் வகுப்புப் பாடத்தையே பிடித்துக்கொண்டோம்: 'ள, பள்ளி ள', 'ழ, மழை ழ', 'ல, பல் ல'. ரேடியோவில் முதல் தடவை சொல்லும்போது வெட்கமாக இருக்கும், பிறகு பழகிவிடும்.

இனிஷியலை விடவே கூடாது. மேல்மலைக் கிராமம் ஒன்றில் முருகன் என்று மட்டும் செய்தி கொண்டுபோனால், "எந்த முருகன்? பூண்டு முருகனா, ஜீப்பு முருகனா, பூசாரி வீட்டு முருகனா?" என்று திருப்பிக் கேட்பார்கள். அப்பா பெயர், தெரு, பக்கத்தில் என்ன கடை, எல்லாம் வேண்டும்.

மலை உச்சியில் இருப்பவர்களுக்கு ரேடியோ சுலபம்தானே?

பாதி உண்மை. கொடைக்கானல் பண்பலை 100.5-ஐ மதுரையிலும் திருச்சிப் பக்கத்திலும் கேட்டு வளர்ந்தவர்கள் ஏராளம். உயரம் செய்கிற வேலை அது. கோக்கர்ஸ் வாக்கில் நின்றால் பெரியகுளம் காலடியில் தெரிகிறது. அங்கிருந்து ஐந்து வாட் கைக்கருவியை அழுத்தினால் சமவெளியில் எங்கோ இருக்கிறவர் பக்கத்து அறையில் இருப்பதுபோலப் பேசுவார். அந்தக் கருவி அனுப்பும் 144 மெகாஹெர்ட்ஸ் அலைகள் பார்வைக் கோட்டில் போகிறவை.

ஆனால் அதே கருவியால் பூம்பாறைக்குப் பேச முடியாது. சாலையில் இருபது கிலோமீட்டர்கூட இல்லை. நடுவில் மலை முதுகு நிற்கிறது. மன்னவனூர், கவுஞ்சி, கூக்கால் எல்லாம் அந்த முதுகுக்குப் பின்னால். வெள்ளகவி சரிவில் தொங்குகிற ஊர், வெகுகாலம் வண்டிச் சாலையே இல்லாமல் இருந்தது. மதுரை கேட்கிறது, மன்னவனூர் கேட்கவில்லை. மலையில் ரேடியோ வைத்திருக்கிறவனின் நிரந்தரக் குறை இது.

இதற்குத்தான் எங்கள் வீட்டுக் கம்பி. 7 மெகாஹெர்ட்ஸ் அலைக்கு நீளம் 40 மீட்டர். அதில் பாதி, அதாவது சுமார் 20 மீட்டர் கம்பியை நடுவில் பிரித்து இழுத்துக் கட்டினால் அது டைபோல். இதை உயரத்தில் கட்டினால் அலை தூர தேசம் போகும். ஆள் உயரத்துக்கு மேல் இரண்டு மூன்று மடங்கு, அவ்வளவு தாழ்வாகக் கட்டினால் அலை ஏறக்குறைய நேர் மேலே போய், வானில் மிக உயரத்தில் அலையைத் திருப்பி அனுப்பும் அயனி மண்டலத்தில் பட்டு, குடை விரித்ததுபோலச் சுற்றிலும் இறங்கும். நடுவில் மலை இருந்தால் என்ன, பள்ளத்தாக்கு இருந்தால் என்ன, மழை மாதிரி மேலே இருந்து வருகிறதை எது தடுக்கும்? பகலில் 7 மெகாஹெர்ட்ஸ், இருட்டிய பின் 3.5 மெகாஹெர்ட்ஸ். ராத்திரியில் 7-ஐ நம்பிப் பக்கத்து ஊரைக் கூப்பிட்டால் அலை தலைக்கு மேல் தாண்டி வேறு நாட்டுக்குப் போய்விடும். 3.5-க்கோ இடிமின்னல் எதிரி. ஐப்பசி இரவுகளில் காதில் பொரி வறுக்கிற சத்தம்தான்.

அந்த அயனி மண்டலம் சூரியன் சொன்னபடி ஆடுகிறது. சூரியப் புள்ளிகள் சுமார் 11 ஆண்டுக்கு ஒருமுறை கூடிக் குறையும். கூடுகிற வருடங்களில் உயர்ந்த அலைவரிசைகள் திறந்துகொள்ளும். நூறு வருடத்துக்கும் மேலாக அந்தப் புள்ளிகளைப் படம் எடுத்து வைத்திருக்கிற இடம் நம் ஊரிலேயே இருக்கிறது: 1899-ல் நிறுவிய கொடைக்கானல் சூரிய ஆய்வகம். பூம்பாறைக்கு ஏன் இன்று கேட்கவில்லை என்று தலையைப் பிய்த்துக்கொள்கிற நாட்களில் அந்தக் குன்றைப் பார்த்து ஒரு பெருமூச்சு விடுவேன்.

மின்சாரம் போனால் உங்கள் ரேடியோவும் போய்விடுமே?

12 வோல்ட் பேட்டரியில் ஓடும். கார் பேட்டரி போதும். ஆனால் கணக்குத் தெரிய வேண்டும். 100 வாட் கருவி சும்மா கேட்கும்போது ஓர் ஆம்பியர் அளவு இழுக்கும், பேசும்போது 20 ஆம்பியர் வரை.

கஜா இரவில் எனக்கு இந்தக் கணக்கு தெரியும், பேட்டரிதான் தெரியவில்லை. மூன்று மாதமாகச் சார்ஜ் ஏற்றாமல் மேசைக்கடியில் கிடந்தது. விடியற்காலையில் கரண்ட் போனது. கருவி உயிரோடு இருந்தது, குரல்கள் கேட்டன. பொத்தானை அழுத்தியதும் விளக்கு மங்கி அணைந்தது. காது இருந்தது, வாய் இல்லை. மதியம்வரை மற்றவர்கள் பேசுவதைக் கேட்டு எழுதிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். இப்போது முதல் தேதிதோறும் மளிகைப் பட்டியலோடு பேட்டரியையும் பார்க்கிறேன். பேசும் பவரையும் 20 வாட்டுக்குக் குறைத்து வைத்திருக்கிறேன். மலை வட்டாரத்துக்கு அது தாராளம்.

இப்போதுதான் எங்கும் செல்போன் டவர் இருக்கிறதே?

இருக்கிறது. டவருக்குக் கரண்ட் வேண்டும், ஜெனரேட்டருக்கு டீசல் வேண்டும், டீசல் ஏற மலைச்சாலை வேண்டும். அதே சாலை ஓரத்தில்தான் ஃபைபர் கேபிளும் போகிறது. ஒரு மண்சரிவு நான்கையும் சேர்த்து எடுத்துக்கொள்ளும். 2009 நவம்பரில் நீலகிரியில் கேத்தி, குன்னூர்ப் பக்கம் நடந்ததைப் பார்த்தவர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை; நாற்பதுக்கும் மேல் உயிர்கள் போயின. 2019 ஆகஸ்டில் அவலாஞ்சியில் ஒரே நாளில் 82 சென்டிமீட்டர் கொட்டியது. சாட்டிலைட் போனைத் தனிமனிதர் நம் நாட்டில் நினைத்தபடி வாங்கி வைத்துக்கொள்ள முடியாது.

நான் சொல்கிற செய்தி ரகசியமாக இருக்குமா?

இருக்காது. ஹாம் அலைவரிசையில் சங்கேதமாக்கிப் பேசுவதற்கு அனுமதி இல்லை, யார் வேண்டுமானாலும் கேட்கலாம். ஆகவே இறந்தவர் பெயர் போன்றவற்றை அலுவலர் கேட்டாலொழிய குரலில் சொல்லாமல் தவிர்ப்பேன். சொந்தக்காரருக்கு அது ரேடியோ வழியாகத் தெரியவரக் கூடாது. தந்தி என்றாலே அழுகை என்று பயந்த காலம் நமக்கு நினைவிருக்கிறதே.

உரிமம் வாங்குவது எப்படி?

12 வயது நிரம்பியிருந்தால் போதும். மத்திய தொலைத்தொடர்புத் துறையின் டபிள்யூ.பி.சி. பிரிவு நடத்தும் தேர்வை எழுத வேண்டும். விண்ணப்பம் அந்தத் துறையின் சரள் சஞ்சார் இணையதளத்தில். தேர்வில் வருவது அடிப்படை மின்னணுவியல், விதிகள். மோர்ஸ் பிடிக்காதவர்களுக்கு ரெஸ்ட்ரிக்டட் கிரேடு இருக்கிறது, அதற்கு மோர்ஸ் வேண்டாம். உரிமம் 20 ஆண்டுக்கோ வாழ்நாளுக்கோ கிடைக்கும். தேர்வைவிட உரிமம் கைக்கு வரக் காத்திருப்பதுதான் கஷ்டம், அந்த நேரத்தில் காது கொடுத்துக் கேட்டுப் பழகுங்கள். ஆன்லைனில் மலிவாகக் கிடைக்கிறதே என்று உரிமம் இல்லாமல் கருவி வாங்கிப் பேசத் தொடங்காதீர்கள், அது குற்றம்.

எனக்கு ரேடியோ வேண்டாம். மழையில் மாட்டிக்கொண்டால் உங்களிடம் செய்தி கொடுக்க எப்படி வருவது?

முதலில் வி.ஏ.ஓ.வையோ அங்கே பொறுப்பில் இருக்கும் அலுவலரையோ பாருங்கள். செய்தி அவர் வழியாகவும் அவர் கையெழுத்தோடும் வந்தால்தான் நான் அனுப்ப முடியும். மேலே சொன்ன விதி அது. பிறகு வாயால் சொல்லாமல் எழுதிக் கொண்டு வாருங்கள். 25 சொல்லுக்குள் அடக்குங்கள். 'எங்கள் பகுதியில் மிகவும் மோசமான நிலைமை நிலவுகிறது' என்று எழுதினால் ஆறு சொல்லும் ஏழாவதாக என் மூச்சும் வீண். எத்தனை பேர், எந்த இடம், என்ன வேண்டும், எப்போதைக்குள், இதுதான் வேண்டும். பதில் வந்தால் உங்களை எங்கே தேடுவது என்று அடியில் எழுதுங்கள்; ரேஷன் கடை, சர்ச் வாசல், பஸ் ஸ்டாண்டு டீக்கடை, எதுவானாலும் சரி. முடிந்தால் பென்சிலால் எழுதுங்கள். போன பயிற்சியில் ஒருவர் ஜெல் பேனாவால் அழகாக எழுதி, மடித்து, நனைந்த சட்டைப் பையில் வைத்துக் கொண்டு வந்தார். பிரித்துப் பார்த்தால் நீலமாக ஒரு குளம்தான் இருந்தது.